பங்காளி என்ற சொல்லுக்குப் பெண்பால் உண்டா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லை வச்சுக்கிட்டு கிட்டத்தட்ட 160 வருஷ வரலாற்றைப் பார்க்கப் போறோம். அந்தச் சொல், பங்காளி.

ஊர்ல வளர்ந்தவங்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. உறவுக்காரங்களை நாம ரெண்டு கூடையில போடுவோம். ஒண்ணு மாமன் மச்சான், இன்னொண்ணு பங்காளி. மாமன் மச்சான் பொண்ணு குடுக்கிற, எடுக்கிற உறவு. பங்காளின்னா சொத்துல பங்குள்ள உறவு. அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா, அவங்க பசங்க எல்லாரும் இதுல வருவாங்க. ஆனா கூடப் பிறந்த அக்காவையோ தங்கச்சியையோ யாராவது "இவ என் பங்காளி"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்லை. கல்யாணம் வரைக்கும் அவ அப்பா வீட்டுப் பொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் வீட்டுப் பங்காளிக் கூட்டத்துல ஒருத்தரோட மனைவி. அவளுக்குன்னு தனியா ஒரு பங்காளிப் பதவி நம்ம பேச்சுல கிடையாது.

சட்டத்துல இதே இடத்துல இருக்கிற சொல் கோபார்சனர். கூட்டுக் குடும்பச் சொத்துல பிறக்கும்போதே பங்கு உள்ளவர்னு அர்த்தம். மிதாக்ஷரா என்ற பழைய இந்துச் சட்ட மரபுப்படி அந்தப் பங்கு மகனுக்கு, பேரனுக்கு, கொள்ளுப்பேரனுக்கு மட்டும்தான். யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம், யாரும் சாக வேண்டாம். ஆணாப் பிறந்தா போதும்.

பெண்ணுக்கு இந்த உரிமை எப்படி வந்ததுன்னு தேடிப் போனா, ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. ஆணோட உரிமை பிறப்புல இருந்து ஆரம்பிக்குது. பெண்ணோட உரிமை எப்பவுமே ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்குது. அந்தத் தேதிக்கு முன்னாடி, பின்னாடின்னு பெண்களையே ரெண்டாப் பிரிக்குது. இன்னைக்கு எபிசோடோட மையம் இதுதான்.

கரிசல் காட்டுக்கு விலை வந்த கதை

முதல்ல ஊர்ச் சூழலைச் சொல்லிடறேன். எங்க ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டையில இருந்து தூத்துக்குடி போற சாலையில இருக்கு. சுத்தி கரிசல் காடு, மானாவாரி விவசாயம். மழை வந்தா பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய். வரலைன்னா சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடறது. திருச்சுழிப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

இந்த மாதிரி புஞ்சைக்கு முன்னாடியெல்லாம் பெரிய விலை கிடையாது. அதனால "அக்கா பங்கு என்ன ஆச்சு"ன்னு யாரும் கேட்கல. கேட்டாலும் கிடைக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. பிறகு நாலுவழிச்சாலை வந்தது, மனைப்பிரிவு வந்தது, தென்மாவட்டங்கள்ல சோலார் வந்தது. நிலம் வாங்க வர்றவங்களோட வக்கீல் மூலப்பத்திரத்தைப் பார்த்துட்டு முதல் கேள்வியே "பெண் வாரிசுகள் கையெழுத்து எங்க?"ன்னு கேட்கிறார். அதனால இப்போ சார்பதிவாளர் அலுவலகத்துக்கு, 20, 30 வருஷத்துக்கு முன்னாடி கட்டிக்கொடுத்த அக்காக்களும் அத்தைகளும் வர்றாங்க. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட.

அந்தக் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்ததுன்னு புரிய, நாம கொஞ்சம் பின்னாடி போகணும்.

1863: லண்டன் வரை போன ஒரு மகள்

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி, நரிக்குடி தாண்டினா பழைய சிவகங்கைச் சீமை. 1801-ல மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட காலத்துல, கிழக்கிந்தியக் கம்பெனி சிவகங்கையை ஜமீனாக்கி கௌரி வல்லபர் என்பவருக்குக் கொடுத்தது. அவர் 1829-ல இறந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மனைவிகள் இருந்தாங்க, மகள்கள் இருந்தாங்க.

ஜமீனை எடுத்துக்கிட்டது அவரோட அண்ணன் வழியினர். அவங்க வாதம் எளிமையானது. நாங்க கூட்டுக் குடும்பம், நாங்கதான் பங்காளிகள், அதனால சொத்து எங்களுக்கு. கௌரி வல்லபரோட மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். அவர் காலம் முடிஞ்ச பிறகு மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையில எடுத்தார். உள்ளூர் நீதிமன்றம், சென்னை, கடைசியா லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. முதல் வழக்கில் இருந்து கடைசித் தீர்ப்பு வரை 30 வருஷத்துக்கு மேல.

1863-ல பிரிவி கவுன்சில் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்போட சாரம் இது: குடும்பம் கூட்டுக் குடும்பமாவே இருக்கட்டும். ஆனா இந்த ஜமீன் கௌரி வல்லபருக்குத் தனியா கிடைச்சது, அவரோட சுயசம்பாத்தியம். மகன் இல்லாதவரோட சுயசம்பாத்தியம் பங்காளிக்குப் போகாது. மனைவிக்கும், அடுத்து மகளுக்கும் போகும்.

இந்தியச் சட்ட வரலாற்றுல இன்னைக்கும் மேற்கோள் காட்டப்படுற வழக்கு இது. ஆனா இதோட எல்லையையும் பார்க்கணும். அவருக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்திருந்தா இந்த வழக்கே இல்லை. சொத்து பரம்பரைக் கூட்டுச் சொத்தா இருந்திருந்தா அவர் தோத்திருப்பார். ஜெயிச்ச பிறகும் அவருக்குக் கிடைச்சது முழு உரிமை இல்லை. அன்றைய சட்டப்படி பெண்ணுக்கு வந்த சொத்து ஆயுள் வரைக்கும்தான். அதுக்கப்புறம் அது அவங்க அப்பாவோட அடுத்த வாரிசுகளுக்குத் திரும்பிடும். ராணியாகவே இருந்தாலும் வாடகைக்கு இருக்கிற மாதிரிதான்.

1929: செங்கல்பட்டுத் தீர்மானம்

அடுத்த நிறுத்தம் 1929 பிப்ரவரி, செங்கல்பட்டு. சுயமரியாதை இயக்கத்தோட முதல் மாகாண மாநாடு. தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டம், விதவை மறுமணம்னு பல தீர்மானங்களோட, சொத்துல ஆணுக்குச் சமமா பெண்ணுக்கும் உரிமை வேணும்னு ஒரு தீர்மானம் போட்டாங்க. அடுத்த மாநாடு ஈரோட்டுல. மூணாவது மாநாடு நம்ம விருதுநகர்ல, 1931 ஆகஸ்ட்ல.

அந்தக் காலத்துல இது எவ்வளவு தூரத்துக் கனவுன்னு கற்பனை பண்ணுங்க. சென்னை சட்டமன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினரா முத்துலட்சுமி ரெட்டி வந்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது.

1937-ல டெல்லியில ஒரு சட்டம் வந்தது. இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அது விதவைக்குப் புருஷனோட பங்கைக் கொடுத்தது, ஆனா அதுவும் ஆயுள் வரைக்கும்தான். மகளைப் பத்தி ஒண்ணும் பேசல. விவசாய நிலம் மாகாணங்களோட அதிகாரம்ங்கிறதால அதுவும் வெளியில நின்னது. மாகாணங்கள் தனியா சட்டம் போட்டாத்தான் சேரும். நிலத்தை நம்பி வாழற நாட்டுல நிலம் தவிர மத்ததுக்கு உரிமைன்னு ஒரு சட்டம்.

அம்பேத்கர் எழுதியதும் 1956-ல் வந்ததும்

சுதந்திரத்துக்கு அப்புறம் சட்ட அமைச்சரா அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். பிறப்பாலேயே ஆணுக்குப் பங்குங்கிற ஏற்பாட்டையே எடுத்துட்டு, மகனுக்கும் மகளுக்கும் சம வாரிசுரிமை கொடுக்கிறதுதான் அதோட நோக்கம். எதிர்ப்பு கடுமையா இருந்தது. மசோதா நகரல. 1951 செப்டம்பர்ல அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்ன காரணங்கள்ல இந்த மசோதா கைவிடப்பட்டதும் ஒண்ணு.

பிறகு மசோதா துண்டு துண்டா சட்டமாச்சு. அதுல ஒண்ணு இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 ஜூன் 17-ல நடைமுறைக்கு வந்தது. அதுல ஒரு பெரிய வெற்றி இருக்கு. பெண்ணுக்கு வந்த சொத்து முழுசா அவளுக்கே சொந்தம். ஆயுள் வரைக்கும்ங்கிற கதை முடிஞ்சது. அப்பாவோட தனிச் சொத்துல, உயில் எழுதாம அவர் இறந்தா, மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

ஆனா பங்காளி முறையை அப்படியே விட்டுட்டாங்க. அதாவது பரம்பரைக் கூட்டுச் சொத்துல மகன் பிறப்பாலேயே பங்காளி, மகள் இல்லை. அப்பா குடியிருந்த வீட்டைப் பிரிச்சுக் கேட்கக்கூட மகளுக்கு உரிமை இல்லை. அண்ணன் தம்பிகள் தங்களுக்குள்ள பிரிக்க முடிவு பண்ற வரைக்கும் அவ காத்திருக்கணும்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். பழைய கோடை எடுக்க பயம். அதனால அது மேலயே புது ஃபீச்சரைக் கட்டுவோம். பக் வெளியில தெரியாது. ஒரு குறிப்பிட்ட இன்புட் குடுக்கும்போதுதான் தெரியும். இப்போ அந்த இன்புட்டைக் குடுத்துப் பார்ப்போம்.

12 ஏக்கர் கணக்கு

ஒரு கற்பனைக் குடும்பம். பரம்பரைப் புஞ்சை 12 ஏக்கர். அப்பா, ஒரு மகன், ரெண்டு மகள்கள். அம்மா ஏற்கெனவே காலமாயிட்டாங்க. மூத்த மகளுக்கு 1988-ல கல்யாணம், இளையவளுக்கு 1990-ல. அப்பா 1995-ல உயில் எழுதாம இறக்கிறார். நிலத்தை யாரும் பாகப்பிரிவினை பண்ணல. அண்ணன் உழுது சாப்பிடறார்.

1956 சட்டம் மட்டும் இருந்திருந்தா என்ன ஆகும்? முதல்ல அப்பாவும் மகனும் பங்காளிகள், ஆளுக்கு 6 ஏக்கர். அப்பாவோட 6 ஏக்கரை மூணு பிள்ளைகளும் சமமாப் பிரிக்கணும், ஆளுக்கு 2. ஆக, மகனுக்கு 8, மகள்களுக்கு 2, 2. "சம பங்கு"ன்னு சட்டம் சொல்லும். கணக்கு 8-க்கு 2-ன்னு வரும்.

இதைச் சரிபண்ண மாநிலங்கள்தான் முதல்ல இறங்கினது. கேரளா 1975-ல சட்டம் போட்டு கூட்டுக் குடும்ப முறையையே எடுத்துருச்சு. அடுத்து ஆந்திரா, என்.டி.ஆர். ஆட்சியில், மகளையும் பங்காளி ஆக்கியது. மூணாவது தமிழ்நாடு. 1989-ல கருணாநிதி ஆட்சிக்கு வந்த உடனே எடுத்த முடிவு. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியா 60 வருஷம் கழிச்சு.

சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்படும் தேதி 1989 மார்ச் 25. இந்தத் தேதியை அரசியல் பார்க்கிறவங்க வேற காரணத்துக்காக ஞாபகம் வச்சிருப்பாங்க. தமிழ்நாடு சட்டமன்றத்தோட முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதா, பட்ஜெட் நாளன்று அவையிலேயே தான் தாக்கப்பட்டதா, சேலை இழுக்கப்பட்டதா குற்றம் சாட்டினது இதே 1989 மார்ச் 25-ல. திமுக அதை மறுத்தது. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு கட்சியும் ரெண்டு விதமாத்தான் சொல்லுது. எது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் வரல. தமிழ்நாட்டுப் பெண்கள் பங்காளியான தேதியும் இதே தேதிதான்னு மட்டும் குறிச்சு வச்சுக்கலாம்.

இப்போ அந்தச் சட்டத்துல இருந்த நிபந்தனை. இந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன மகளுக்கு இது பொருந்தாது.

நம்ம 12 ஏக்கருக்கு வருவோம். 1988-ல கட்டிக்கொடுத்த அக்கா பங்காளி இல்லை. 1990-ல கட்டிக்கொடுத்த தங்கச்சி பங்காளி. அப்பா, மகன், தங்கச்சி மூணு பேருக்கும் ஆளுக்கு 4 ஏக்கர். அப்பாவோட 4 ஏக்கரை மூணு பிள்ளைகளும் பிரிச்சா ஆளுக்கு 1.33. ஆக, அண்ணனுக்கு 5.33, தங்கச்சிக்கு 5.33, அக்காவுக்கு 1.33.

ஒரு நிமிஷம் இங்க நில்லுங்க. பழைய சட்டத்துல அக்காவுக்கு 2 ஏக்கர். பெண்ணுரிமைக்காக வந்த புதுச் சட்டத்துல 1.33. ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே காடு. தங்கச்சிக்குக் கிடைக்கிறது அக்காவைப் போல நாலு மடங்கு. அக்கா செஞ்ச ஒரே தப்பு, வீட்டுல பார்த்த மாப்பிள்ளையை வீட்டுல குறிச்ச தேதியில கட்டிக்கிட்டது.

1989 சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரல. இந்தியாவுலேயே முன்னாடி போனவங்கள்ல நாமளும் ஒருத்தர். 1994-ல மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் இதே வழியில வந்தாங்க. பல லட்சம் தங்கச்சிகளுக்கு அந்தச் சட்டம்தான் வாசல். ஆனா வாசல்ல ஒரு தேதியை மாட்டினதுல, அதுக்கு வெளியில நின்ன பெண்கள் ஒரு தலைமுறை.

ஒரு அக்காவும் நாலு வெர்ஷனும்

2005-ல பாராளுமன்றம் 1956 சட்டத்தைத் திருத்தியது. பொருளாதார அறிஞர் பினா அகர்வால் மாதிரியானவங்க விவசாய நிலத்தைச் சேர்க்கணும்னு நடத்தின பிரச்சாரம் இதுல முக்கியம். செப்டம்பர் 9-ல திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மகள் பிறப்பாலேயே பங்காளி, மகனைப் போலவே. கல்யாணம் ஆயிருச்சாங்கிற கேள்வியே இல்லை. குடியிருப்பு வீட்டைக் கேட்கத் தடையும் போச்சு. விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கும் போச்சு.

இதுலயும் ஒரு தேதி இருக்கு. 2004 டிசம்பர் 20. அதுக்கு முன்னாடி முறையா நடந்து முடிஞ்ச பாகப்பிரிவினையையும் விற்பனையையும் தொட முடியாது. நம்ம கதையில பாகப்பிரிவினை நடக்கவே இல்லையே. அதனால சட்டத்தோட சொற்களைப் படிச்சா அப்பா, மகன், ரெண்டு மகள்கள், நாலு பேரும் பங்காளிகள், ஆளுக்கு 3 ஏக்கர். அப்பாவோட 3 ஏக்கர்ல ஆளுக்கு 1. மொத்தம் 4, 4, 4. அக்காவுக்கு முதல் தடவையா சமமா வருது.

2015-ல உச்ச நீதிமன்றம் பிரகாஷ் எதிர் புலவதி வழக்குல வேற மாதிரி சொல்லிச்சு. 2005 செப்டம்பர் 9 அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருந்தாத்தான் மகளுக்கு இந்த உரிமைன்னு. நம்ம கதையில அப்பா 1995-லயே இறந்துட்டார். அக்கா திரும்பவும் 1.33.

2018-ல அதே நீதிமன்றம் இன்னொரு வழக்குல, 2001-லயே அப்பா இறந்துபோன மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுறதுன்னு குழம்பிப் போச்சு.

2020 ஆகஸ்ட் 11. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா. மூணு நீதிபதிகள் அமர்வு குழப்பத்தை முடிச்சு வச்சது. மகளோட உரிமை அவளோட பிறப்புல இருந்து வருது. 2005-ல அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கிறது பொருட்டே இல்லை. அக்கா திரும்பவும் 4.

கவனிச்சீங்களா? 2, 1.33, 4, 1.33, 4. இத்தனை மாறுதல்லயும் அண்ணன் பங்காளியாங்கிற கேள்வியை ஒரு சட்டமும் ஒரு நீதிமன்றமும் கேட்கல. அவரோட பங்கு ஏறி இறங்கலாம். அவரோட தகுதி ஏறி இறங்கினதே இல்லை.

2022 ஜனவரியில இன்னொரு தீர்ப்பு. தமிழ்நாட்டு வழக்கு, அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி. 1956-க்கு முன்னாடியே இறந்துபோன ஒருத்தரோட சுயசம்பாத்தியம் அவரோட ஒரே மகளுக்கா, இல்ல அண்ணன் வழியினருக்கான்னு கேள்வி. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? சிவகங்கைக் கேள்வியேதான். உச்ச நீதிமன்றம் மகளுக்குத்தான்னு சொன்னது. 1863 தீர்ப்பும் அதுல பேசப்பட்டது. லண்டன்ல தீர்ந்த விஷயத்தை 159 வருஷம் கழிச்சு டெல்லியில திரும்பத் தீர்க்க வேண்டியிருந்தது.

இது இந்துச் சட்டத்தோட மட்டும் நிக்கல

பக்கத்துல கேரளாவுல மேரி ராய் நடத்தின வழக்கு உங்கள்ல பலருக்குத் தெரியும். எழுத்தாளர் அருந்ததி ராயோட அம்மா. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் 1916-ல போட்டது. அதுப்படி மகளுக்கு மகனோட பங்குல கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதுல எது குறைவோ அது. 1986-ல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லயே காலாவதியாயிருச்சுன்னு சொன்னது. இங்க தேதி பின்னாடி போச்சு, பெண்களுக்குச் சாதகமா. தேதியை எங்க வைக்கிறோம்ங்கிறது ஒரு தேர்வு. அது இயற்கை விதி கிடையாது.

இஸ்லாமியச் சட்டத்துல மகளுக்கு நிலையான பங்கு ஆரம்பத்துல இருந்தே உண்டு, மகனோட பங்குல பாதி. 1937 ஷரியத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுட்டப்போ, சென்னை மாகாணம் 1949-ல அதையும் சேர்த்தது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்துல இன்னும் ஒரு பழைய கோடு மிச்சம் இருக்கு, பிரிவு 15. கல்யாணமான, பிள்ளை இல்லாத பெண் தன் சொந்தச் சம்பளத்துல வாங்கின சொத்து, அவ உயில் எழுதாம, புருஷனும் இல்லாத நிலையில இறந்தா யாருக்குப் போகும்? அவளைப் பெத்த அம்மா அப்பாவுக்கு முன்னாடி புருஷனோட வாரிசுகளுக்குப் போகும். 2009-ல உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்குல, கல்யாணமாகி மூணே மாசத்துல விதவையாகி, புகுந்த வீட்டுல இருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டு ஆதரவுல படிச்சு வேலைக்குப் போன ஒரு பெண்ணோட சேமிப்பு முழுக்க அந்தப் புகுந்த வீட்டு உறவுகளுக்குப் போச்சு. ஐடி கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டு இதைக் கேக்கிற பெண்களுக்காக இதைச் சொல்றேன்: உயில் எழுத வயசாக வேண்டியதில்லை.

விடுதலை யாருக்கு?

இப்போ அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் கையெழுத்து. தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கிறதா எழுதிப் பதியறதுதான் விடுதலைப் பத்திரம். சட்டப்படி செல்லும். விரும்பிப் போட்டா யாரும் குறை சொல்ல முடியாது.

ஏன் போடறாங்கன்னு கேட்டா, ஊர்ல ரெண்டு பக்க நியாயமும் பேசுவாங்க. அண்ணன் பக்கம்: கடன் வாங்கி நகை போட்டோம், சீர் செஞ்சோம், கடைசிக் காலத்துல அம்மா அப்பாவை நாங்கதான் பார்த்தோம். இதுல உண்மை இல்லாம இல்ல. மானாவாரி விவசாயத்துல கல்யாணக் கடன் எவ்வளவு பாரம்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். அக்கா பக்கம் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்றதில்லை. கேட்டா தாய்வீடு போயிரும்ங்கிற பயம். பிள்ளைக்குக் காதுகுத்தும்போது மடியில வச்சுக்க தாய்மாமன் வேணும். சடங்குக்குச் சீர் கொண்டுவர அவன் வரணும். புகுந்த வீட்டுல ஒண்ணுன்னா ஓடிப்போய் நிக்க ஒரு வாசல் வேணும். தன் 4 ஏக்கரைக் கொடுத்து அவ அந்த வாசலை வாங்குறா.

இதைப் பாசம்னு மட்டும் சொன்னா கணக்கு பாதிதான் வரும். அண்ணனுக்குத் தாய்வீடு இலவசம். அக்காவுக்கு மட்டும்தான் விலை.

நகைதான் பங்குன்னு சொல்றதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. வரதட்சணை 1961-ல இருந்தே குற்றம். அதோட, நகையும் ரொக்கமும் போறது புகுந்த வீட்டுக்கு. பல வீடுகள்ல முதல் வருஷக் கடைசியில அடகுக் கடையில இருக்கும். நிலம் அவ பேர்ல இருந்தா கதை வேற. பருத்தி எடுக்கிறது, களை பறிக்கிறது, மிளகாய் பழம் பறிக்கிறதுன்னு காட்டு வேலையில பாதிக்கு மேல பார்க்கிறது பெண்கள். ஆனா பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வருஷம் 6000 ரூபாய் பி.எம். கிசான், எல்லாத்துக்கும் கேட்கிற காகிதம் பட்டா. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல சாகுபடி நிலம் வச்சிருக்கிறவங்கள்ல பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். சட்டப் புத்தகத்துல சமமாகி 10 வருஷம் ஆன பிறகு வந்த எண் அது.

கையெழுத்துக்கு முன்னாடி

கடைசியா, நடைமுறைக்குச் சில விஷயங்கள். பதிவுத் துறை இணையதளத்துல வில்லங்கச் சான்று பார்க்கலாம், வருவாய்த் துறை தளத்துல பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்க்கலாம். ரெண்டுக்கும் சர்வே நம்பர் போதும். 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினை இருக்கான்னு முதல்ல பாருங்க; உங்க கேள்விக்குப் பாதி பதில் அதுலயே கிடைச்சுரும்.

விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதா இருந்தா, முந்தின நாளே நகலை வாங்கி வாசிங்க. எந்தச் சர்வே நம்பர், எவ்வளவு பரப்பு, பணம் கொடுத்ததா எழுதியிருந்தா அது உண்மையிலேயே கைக்கு வந்ததா, இந்த மூணையும் பாருங்க. பதிவான பத்திரத்தைத் திருப்பறது வருஷக்கணக்கான வேலை. வழக்குன்னு வந்தா, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்துல சட்டப் பணிகள் குழு இருக்கும், தொலைபேசி எண் 15100.

அண்ணன் தம்பிகளுக்கும் ஒண்ணு. வீட்டுல பாகப் பேச்சு வந்தா, அக்காவைக் கையெழுத்துக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி கணக்குப் பேசும்போதே கூப்பிடுங்க. அவங்க பங்கு எத்தனை சென்ட், இன்னைய விலைக்கு எவ்வளவுன்னு எண்ணைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவங்க எடுத்தாலும், பாதி எடுத்தாலும், விட்டுக் கொடுத்தாலும் அது அவங்க முடிவு. எண்ணே தெரியாம விடறதை விட்டுக்கொடுத்ததுன்னு சொல்ல முடியாது.

உங்க வீட்டுல இந்தப் பேச்சு எப்படி நடந்ததுன்னு எழுதுங்க, பேர் இல்லாமலும் எழுதலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.